அழைக்கப்படாத சாட்சிகள்

நான்காக மடித்த ஒரே தாள். மேற்புறத்தில் அறுந்த சங்கிலியின் படம், அல்லது கவிழ்ந்து கிடக்கும் குப்பி. விலை ஏதுமில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பேருந்து நிலையத்திலும், ஒரகடம் நாற்சந்தியிலும், இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் முடிந்து தொழிலாளர் திரண்டு வெளிவரும் வேளையிலும், கை நீட்டியவர்க்கெல்லாம் கிடைக்கிறது. எழுதியவர் பெயர் தாளுக்குத் தாள் மாறும், ஊர் மாறும், கதை மட்டும் மாறாது. குடித்தேன், கெட்டேன், கர்த்தர் கண்டெடுத்தார், மீண்டேன்! கிறித்தவ நண்பர்கள் இவ்வகை எழுத்துக்குச் ‘சாட்சி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நல்ல பெயர்தான். சாட்சி என்றால் வழக்கு உண்டு. வழக்கு என்றால் குறுக்கு விசாரணை உண்டு. ஒருவர் வந்து சொல்லிவிட்டார் என்பதற்காக உடனே தீர்ப்பு எழுதும் நீதிமன்றம் எங்குமில்லை. கண்டவர் வேறு யார் யார், அவர்கள் ஏன் கூண்டேறவில்லை என்று கேட்கத்தான் வேண்டும். கேட்கப் போகிறேன்.

இலக்கியம் பேசும் ஏட்டில் துண்டு வெளியீட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இருப்பர். நாம் பக்கம் பக்கமாய்த் திறனாயும் புதினங்களை வாங்கிப் படிப்போர் எத்தனை பேர்? இந்தத் தாளை, இரவு ஷிப்ட் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, மனத்துக்குள் தன் கணக்கையும் கூட்டிக்கொண்டே படிக்கிற தொழிலாளர் எத்தனை பேர்? அவன் தன் வாழ்நாளில் படித்த ஒரே தன்வரலாறு இதுவாகவும் இருக்கலாம். படிக்கிறவன் நெஞ்சைத் தொட்டு அசைக்கிற எழுத்து எதுவாயினும் அது நம் ஆய்வுக்கு உரியதே.

கதையின் கட்டுக்கோப்பைப் பாருங்கள். முதற்பகுதி நீளமானது, நிறம் மிகுந்தது. காண்ட்ராக்ட் வேலை, சம்பள நாள், நண்பர் கூட்டம், ‘கட்டிங்’கில் தொடங்கி ‘குவார்ட்ட’ரில் வளர்ந்து காலைக் கைநடுக்கத்தில் வந்து நிற்கும் படிக்கட்டு. தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பாருக்குப் போகிறது, வேலை போகிறது, மானம் போகிறது, தூக்குக் கயிறுவரை போகிறது கதை. இரண்டாம் பகுதி ஒரே இரவு: யாரோ ஒருவர் அழைத்துச் சென்ற ஜெபக்கூட்டம், மண்டியிட்ட முழங்கால், கண்ணீர், மெய்சிலிர்ப்பு. மூன்றாம் பகுதி நாலே வரி: கிருபையால் இத்தனை ஆண்டுகளாய்த் தொடவில்லை. அடியில் ஞாயிறு ஆராதனை நேரம்.

எட்டாம் வகுப்புக்குத் தமிழிலக்கணம் நடத்துகிறவன் நான். செய்வினை, செயப்பாட்டுவினை என்று எழுதி எழுதிச் சுண்ணக்கட்டி தேய்த்த கை இது. ஆகவே, இத்தாள்களில் என் கண்ணில் முதலில் பட்டது கடவுள் அன்று, வினைமுற்று! முதற்பகுதி முழுதும் செய்வினை: குடித்தேன், அடித்தேன், அடகு வைத்தேன், ஓடி ஒளிந்தேன். மாற்றம் நிகழ்ந்த வரியிலிருந்து எல்லாம் செயப்பாட்டுவினை: தொடப்பட்டேன், கழுவப்பட்டேன், மீட்கப்பட்டேன். வினையைச் செய்பவனை இலக்கணத்தில் ‘கருத்தா’ என்போம். கர்த்தர் என்பதும் அதே வடசொல்லின் இன்னொரு வடிவந்தான். கெட்டதற்கெல்லாம் கருத்தா ‘நான்’. நல்லதற்கெல்லாம் கருத்தா கர்த்தர்! உடல் வியர்த்து, கை உதறி, தூக்கமின்றி, கட்டிற் சட்டத்தைப் பற்றிக்கொண்டு கிடந்து வென்றவன் அவன். அந்த வெற்றியைத் தன் பேரில் எழுதிக்கொள்ள அவனுக்கே இலக்கணம் இடந்தரவில்லை.

அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள், தோழர்களே! அந்தச் செயப்பாட்டுவினையில் ஓர் இளைப்பாறல் இருக்கிறது. ‘இன்றோடு விட்டேன்’ என்று செய்வினையில் நூறு முறை சூளுரைத்து, நூறு முறையும் தோற்றவன் அவன். தாயிடம் சொன்ன வாக்கு, பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த ஆணை, எல்லாம் மாலை ஆறு மணிக்கு நீர்மேல் எழுத்தாயின. தன் சொல்லைத் தானே நம்ப இயலாத நிலைக்கு வந்துவிட்டவனிடம் ‘மனவுறுதி கொள்’ என்று உபதேசிப்பது, கால் ஒடிந்து கிடப்பவனிடம் ‘நடந்து மருத்துவமனைக்கு வந்து சேர்’ என்பது போலத்தான். ‘உன்னால் இயலவில்லை, சரி, பிடித்துக்கொள்’ என்று ஒரு கை நீண்டபோது அவன் பற்றினான். அந்தக் கையைக் கடவுளின் கை என்று அவன் எழுதினான். நாம் கேட்க வேண்டுவது ஒன்று: அது யாருடைய கை?

நம்மவரிடை ஒரு நையாண்டி உலவுகிறது. ‘ஒரு போதை போய் இன்னொரு போதை வந்தது’ என்று சொல்லிச் சிரிப்பர். சொல் அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை அவன் மனைவி அறிவாள். அவன் ஈரலும் அறியும். மாதம் முழுச்சம்பளம் வீட்டுக்கு வருகிறது, அடி நின்றது, பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்னும் மூன்று செய்திகளுக்கு முன் அந்த நையாண்டி நிற்காது. அவன் மீண்டது பொய் என்று வாதிடுவதில் பகுத்தறிவு ஏதுமில்லை. மீண்டது உண்மை, மீட்டது எது என்பதே வழக்கு.

இவ்வகை எழுத்துக்கு நீண்ட வமிசம் உண்டு. நியூயார்க்கு நகரின் கப்பல்துறையை ஒட்டிய வாட்டர் தெருவில், 1872-ல், ஜெர்ரி மெக்காலே என்ற பழைய சிறைக்கைதியும் அவன் மனைவி மரியாவும் ஒரு நற்செய்திக் கூடம் திறந்தனர். குடியரும் திருடரும் உள்ளே வந்து அமரலாம். எழுந்து தம் கதையைச் சொல்லலாம். 1882-ல் எஸ்.எச். ஹாட்லி என்ற குடிகாரர் அங்கே மண்டியிட்டார்; பிற்காலத்தில் அக்கூடத்துக்கே தலைவரானார். அவர் எழுதிய சாட்சியை, உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், எடின்பரோவில் ஆற்றி 1902-ல் நூலாக்கிய சமய அனுபவச் சொற்பொழிவுகளில் சுருக்கி எடுத்து வைத்தார். எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? அந்தக் கூடம் அச்சிட்டு வழங்கிய சிறு வெளியீட்டிலிருந்து! முகம் சுளித்த தோழர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

ஹாட்லியின் சாட்சியை நிதானமாகப் படித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. மதுக்கடையில் கடவுளின் அருகாமையை உணர்ந்ததாகச் சொல்கிறார், அதுதான் உச்சக்கட்டம். உணர்ந்தபின் என்ன செய்தார்? காவல் நிலையத்துக்குச் சென்று, தம்மைப் பூட்டி வைக்கும்படி கேட்டார். வெளிவந்ததும் உடன்பிறந்தவர் வீட்டுக்குப் போனார். அங்கே படுக்கையில் கிடந்தார். எல்லாப் பராமரிப்பும் கிடைத்தது. பிறகு ஞாயிறு மாலைதான் மெக்காலேயின் கூடம். ஆக, குடி நின்ற முதல் சில நாட்களில் அவரைக் காத்தவை ஒரு பூட்டிய கதவும், ஒரு உடன்பிறந்தவர் வீட்டுக் கட்டிலும். கஞ்சி காய்ச்சியவர் யார்? நடுக்கம் கண்டபோது விளக்கேற்றி உட்கார்ந்தவர் யார்? அந்த வீட்டுக்கு அவர் ஒதுக்கியது ஒரே வரி. கடவுளுக்குப் பக்கம் பக்கமாய்!

இனி நாம் காணப்போகும் வரலாறு இன்னும் துலக்கமானது. 1934 திசம்பரில் நியூயார்க்கு டவுன்ஸ் மருத்துவமனையில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகர் குடிமுறிவுக்காகப் படுத்திருந்தார். அறை முழுதும் வெள்ளொளி பரவியது, தாம் விடுதலை பெற்றோம் என உணர்ந்தார். அப்போது அங்கே தரப்பட்ட மருந்தில் மனக்காட்சிகளை உண்டாக்கவல்ல பெல்லடோனா இருந்தது என்பதும் வரலாறு. மறுநாள் அவர் கையில் வந்து சேர்ந்த நூல், மேலே சொன்ன வில்லியம் ஜேம்ஸின் நூல். ஹாட்லியின் கதை இன்னொரு குடிகாரருக்கு வழிகாட்டிற்று. எழுத்தின் ஆற்றல் என்பது இதுதான் போலும்!

பிறகு அவர் ஐந்தாறு திங்கள் ஊரெல்லாம் ஓடிக் குடிகாரர்களுக்கு உபதேசம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. மருத்துவர் சில்க்வொர்த் சொன்னார்: வெள்ளொளியை விடு, முதலில் நோயைப் பற்றிப் பேசு என்று. 1935 மே மாதம் தொழில் நிமித்தம் அக்ரன் என்ற ஊருக்குப் போனார், முயற்சி தோற்றது. கையில் காசில்லை. மேஃபிளவர் ஓட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அந்த நொடியில் அவர் மண்டியிடவில்லை. ‘பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும்’ என்று தொலைபேசியில் தேடினார்! தேடிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அவ்வூர் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் என்று ஒப்புக்கொண்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும். டாக்டர் பாப் கடவுளை அறியாதவரா? ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவில் இரண்டாண்டுக்கு மேலாகச் சேர்ந்து, வேதம் படித்து, ஜெபம் செய்து, அறிக்கையிட்டு வந்தவர் அவர். குடித்துக்கொண்டும் இருந்தார்! விசுவாசம் இருந்தது, வேதம் இருந்தது, கூட்டம் இருந்தது. அவ்வளவும் இருந்தும் நிற்காத குடி, தம்மைப் போலவே குடித்து அழிந்த இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து தம் கதையைச் சொன்ன பிறகு நின்றது. உடனே நின்றதா என்றால் இல்லை; ஒரு முறை வழுக்கி விழுந்தார். 1935 சூன் 10-க்குப் பிறகு தொடவில்லை. அந்நாளைத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. டாக்டர் பாப் இறுதிவரை பக்தராகவே வாழ்ந்தார்; இதற்கு நான் சொல்லும் பொருளை அவர் ஏற்கமாட்டார். ஆனால் சான்று அவர் வாழ்க்கையே.

வழுக்கி விழுந்தார் என்றேன் அல்லவா? நம் ஊர்த் துண்டுத்தாளில் அந்த வழுக்கலுக்கு இடமே கிடையாது. ஓரிரவில் ஒரேயடியாக மீண்டவர்களே அங்கே எழுத அழைக்கப்படுகிறார்கள். மீண்டும் குடித்தவனைக் குறிக்க ‘பின்மாற்றம்’ என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். அது நோயின் பெயர் அன்று, குற்றத்தின் பெயர். சாட்சி சொல்லி அச்சேறியவன் ஆறாம் மாதம் தவறிவிட்டால், அந்தக் கூடத்து வாசலை எந்த முகத்தோடு மிதிப்பான்? மீளும் வழியில் தடுக்கி விழுவது இந்நோயில் இயல்பு என்று மருத்துவம் சொல்கிறது. இயல்பைப் பாவமாக்கும் எழுத்து, விழுந்தவனை எழவிடாமல் செய்கிறது. இத்தாள்களின் பெருங்குறை என நான் கருதுவது கடவுளின் பெயரைவிட இதுவே.

வில்சன் குழுவினர் 1939-ல் தம் நூலை வெளியிட்டபோது ஒரு சச்சரவு எழுந்தது. கடவுள் கடவுள் என்று எழுதினால் எங்களுக்கு ஒவ்வாது என்று குழுவிலிருந்த நம்பிக்கையற்றவர்கள் வாதாடினர். ஜிம் பர்வெல் என்பவர் அவர்களுள் ஒருவர். அவர்கள் விட்டுக்கொடுக்காததால்தான் ‘நாம் புரிந்துகொண்ட அளவில்’ என்ற பொருள்பட ஒரு தொடர் கடவுள் என்ற சொல்லோடு ஒட்டப்பட்டது. 1975-ல் சிகாகோவில் கடவுளை ஏற்காதோருக்கெனத் தனிக் கூட்டமே தொடங்கிற்று. ஆக, பெயரை மாற்றியும் பார்த்தார்கள், நீக்கியும் பார்த்தார்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளை மட்டும் யாரும் நீக்கவில்லை.

அதே நூலில் மனைவியர்க்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. மனைவியர் பேசுவதுபோல, பெண்குரலில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் யார்? பில் வில்சன்! அவர் மனைவி லோயிஸ், பல்பொருள் கடையில் வேலை பார்த்து, குடிகாரக் கணவரையும் குடும்பத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்கியவர். அந்த அத்தியாயத்தைத் தாம் எழுத விரும்பினார், தரப்படவில்லை, அந்த வருத்தம் அவர் மனத்தில் நெடுநாள் இருந்தது. கணவர் மீண்டு புகழடைந்தார். மனைவியின் துன்பத்தைக்கூட அவரே எழுதிக் கொடுத்தார்! 1951-ல் லோயிஸ், குடிநோயரின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனான்’ என்ற தனி அமைப்பைத் தோழி ஒருவருடன் தொடங்கியதற்குப் பின்னால் என்னென்ன இரவுகள் இருந்திருக்குமோ!

நம் தாள்களில் மனைவி வருகிறாள். அடி வாங்க வருகிறாள், அழ வருகிறாள், தாலியைக் கழற்றித் தர வருகிறாள், கடைசியில் கணவனோடு ஆராதனையில் கைதட்ட வருகிறாள். பேச மட்டும் வருவதில்லை. மன்னித்தாளா, மறந்தாளா, அவன் தாமதமாக வரும் ஒவ்வொரு மாலையும் இன்னும் நெஞ்சு படபடக்க வாசலைப் பார்க்கிறாளா? கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று அவனே அறிவித்துவிடுகிறான். பட்ட கடனுக்கு வேறொருவர் ரசீது தருகிறார்!

தாஸ்தாயெவ்ஸ்கி கிறித்தவத்தில் ஊறிய எழுத்தாளர், ஐயமே இல்லை. ஆயினும் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) புதினத்தில் இந்தக் கணக்கை அவர் இப்படி முடிக்கவில்லை. மர்மெலாதவ் என்ற குடிகார எழுத்தர் சாராயக்கடையில் அமர்ந்து, தீர்ப்புநாளில் குடிகாரரையும் ஆண்டவர் அழைத்து அணைப்பார் என்று நாத்தழுதழுக்கப் பேசுகிறான். நம் துண்டுத்தாளின் உச்சக்கட்டம் அது. ஆனால் புதினம் அங்கே முடியவில்லை. வண்டியில் அடிபட்டு அவன் சாகக் கிடக்கும்போது பாதிரியார் வந்து ஆறுதல் சொல்கிறார். அவன் மனைவி காத்தரீனா இவானவ்னா, காசநோயில் இருமி இரத்தம் துப்பிக்கொண்டே, அந்த ஆறுதலைத் திருப்பி அவர் முகத்திலேயே வீசுகிறாள். பசித்த குழந்தைகளைக் காட்டுகிறாள். அவன் கந்தலை இரவெல்லாம் துவைத்துத் தைத்த தன் கையைக் காட்டுகிறாள். பாதிரியாரால் மறுமொழி சொல்ல இயலவில்லை. இறைவனை நம்பிய எழுத்தாளர் இறைவனுக்கு எதிரான சாட்சியையும் கூண்டில் ஏற்றினார். அதனால்தான் அது இலக்கியம். நம் தாள்களை எழுதச் சொல்லும் நண்பர்களுக்கு அந்தத் துணிவு வேண்டும்.

கூண்டில் ஏறாத மனைவி, நம் நாட்டில் வேறொரு வகையில் சாட்சி சொல்லியிருக்கிறார். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குக் கணவரை இழந்தவர். 1980-ல் குடிநோய் மருத்துவத்துக்கென, கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரில், ஓர் ஆய்வு நிறுவனமும் மருத்துவமனையும் அமையக் காரணமானார். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்த ஆண்டே, 1981-ல், பம்பாயில் ஜோசப் பெரைரா என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ‘கிருபா’ என்ற மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். பெயரிலேயே கிருபை! ஆனால் உள்ளே நடப்பது என்ன? ஏ.ஏ. முறைக் கூட்டம், ஐயங்கார் வழி யோகப் பயிற்சி. பாதிரியாரே ஜெபத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதை ஜெபம் ஒன்றே போதும் என்பார் கவனிக்க வேண்டும்.

நம் இலக்கியம் இதில் என்ன செய்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பெற்ற தாயையே சாட்சிக்கு அழைத்தார். 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அறிஞர் அண்ணாவின் எழுத்தும் கலைவாணரின் நகைச்சுவையும் மதுவிலக்கைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றன. 1953-ல் ‘தேவதாஸ்’ வந்து, குடியைக் காதல் தோல்வியின் பட்டாடையாக்கி உலவவிட்டது. இடித்துரைக்கத்தக்கவன், சிரிப்புக்குரியவன், சோக நாயகன் என்று மூன்று குடிகாரர் நமக்குக் கிடைத்தனர். நோயாளி கிடைத்தது அரிது. தன்மை ஒருமையில் ‘என்னால் நிறுத்த முடியவில்லை’ என்று சொல்லும் கூலித்தொழிலாளி கிடைத்தது அதனினும் அரிது. அந்த வாயை அவனுக்குக் கொடுத்தது இந்த நாலு பக்கத் தாள். நடை மோசம், அச்சு மோசம், முடிவு முன்கூட்டியே முடிந்தது. ஆயினும் முதற்பகுதியில் வரும் அந்தக் காலைக் கைநடுக்கம், டீக் கிளாசைப் பிடிக்க முடியாமல் துண்டால் கையைக் கட்டிக்கொள்ளும் அந்த வெட்கம், எந்தச் சிறுகதைக்கும் குறைந்ததன்று. மேடையில் நின்று நாம் அவனைப் பற்றிப் பேசினோம். அவர்கள் மேடையில் அவனையே பேசவிட்டார்கள். கூட்டம் அங்கே கூடுவதில் வியப்பென்ன?

இந்தக் கை நடுக்கத்தை மருத்துவரும் பார்க்க வேண்டும். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்துக் குறைந்து மூளை பழுதுபடலாம். ‘மாத்திரையைத் தூக்கி எறி, விசுவாசி’ என்று சொல்லும் போதகர் எவராயினும், அவர் செய்வது கொலைக்கு ஒப்பான செயல். எல்லாப் போதகரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்பவர் உண்டு. இது ஒரு மதத்தின் குறையுமன்று. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவின் அருளை நம்பி விடப்பட்டுச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் 28 பேர் தீயில் வெந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளும் அச்சட்டத்துக்குள் அடங்கும். துண்டுத்தாளின் மேலட்டையில் அறுந்த சங்கிலியைப் போடுவோர் அதை அறிந்திருத்தல் நலம்.

மருத்துவம் எத்தனை பேருக்கு எட்டுகிறது? நடுவண் அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மையம் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் மதுவுக்கு அடிமையானவர் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. எஞ்சிய 37 பேர் எங்கே போவர்? திறந்திருக்கும் கதவுக்குள் போவர். ஜெபக்கூடத்தின் கதவு திறந்திருந்தது.

கூடுதலே பாதி மருந்து என்பதற்குச் சான்று உண்டு. 2020-ல் காக்ரன் அமைப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் கணக்கில் கொண்டு சொன்னது: ஏ.ஏ. வழியும் அதற்கு ஆற்றுப்படுத்தும் முறையும், தொடர்ந்து குடியாமல் இருக்கச் செய்வதில், பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இளைத்தவை அல்ல, சில வகையில் மேலானவை. ஏன் பயன் தருகிறது என்று ஆராய்ந்தோர், குடிக்கிற நண்பர் வட்டம் போய்க் குடியாத வட்டம் வருவதையே முதன்மைக் காரணமாகக் காட்டினர். மிகக் கடுமையாக நோயுற்றோரிடம் ஆன்மிக ஈடுபாட்டுக்கும் ஒரு பங்கு தெரிந்தது. அதை மறைப்பது நமக்கு அழகன்று. கோவாவில் நடந்த ஓர் ஆய்வு, ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் 2017-ல் வெளிவந்தது. அங்கே பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், மருத்துவரும் அல்லர் போதகரும் அல்லர், ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கேடு விளையுமளவு குடிக்கும் ஆடவரோடு சில தடவை அமர்ந்து பேசினர். மூன்று திங்களில் அவர்களுள் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டனர். பேச்சின்றி வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினர். கர்த்தர் பெயரும் இல்லை, கந்தன் பெயரும் இல்லை. எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

வழக்கில் இன்னொரு விந்தை. குற்றக்கூண்டு காலியாக இருக்கிறது! எல்லாப் பழியையும் சாத்தான் மேல் சுமத்துகிறார்கள். சாத்தானுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கடை உண்டோ? கடைக்குப் பலகை உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு: தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 1983-ல் தோன்றி, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துவது. ஆண்டு வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. திராவிடப் பெயர் தாங்கிய இரு கட்சிகளின் ஆட்சியிலும் கடை நடந்தது என்பதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. கடையை மூடினாலே தீர்ந்தது என்றும் சொல்லேன். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 65-க்கு மேற்பட்டோரைக் கொன்றதை எல்லோரும் கண்டோம். ஆனால் சாட்சியில் கடை வரவே வராமல் சாத்தான் மட்டும் வருவது, விற்பவனுக்குச் செய்யும் பெரிய உபகாரம். காண்ட்ராக்ட் முறை, பன்னிரண்டு மணி நேர உழைப்பு, ஊரை விட்டு வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேர் சுருண்டு கிடக்கும் வாழ்வு, 2014-ல் நோக்கியா மூடியதுபோல ஒரே அறிவிப்பில் ஆயிரக்கணக்கானோர் வேலை பறிபோகும் நிலை ஆகியவற்றில் ஒன்றுகூட அந்நாலு பக்கத்தில் இல்லை. குடித்தவனின் பாவம் மட்டும் இருக்கிறது.

இராமானுசர் பிறந்த ஊர் என்று பக்தர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகின்றனர். கார் செய்யும் ஊர் என்று தொழிலாளர் வருகின்றனர். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, அறைக்குப் போக மனமின்றி, பையில் நூறு ரூபாயோடு சாலையோரம் நிற்கும் இளைஞனுக்குப் போக்கிடம் இரண்டே. ஒன்று பார், பெஞ்சு உண்டு, பேச்சுத்துணை உண்டு. மற்றொன்று முழு இரவு ஜெபம். அங்கும் பெஞ்சு உண்டு, பேச்சுத்துணை உண்டு, தேநீரும் உண்டு. மூன்றாவதாக நம் படிப்பகம் ஒன்று இருந்த ஊர்கள் பல. மாலை ஏழரைக்குப் பூட்டிவிடுவோம். நாளேடுகளை மடித்து வைத்துவிட்டு, மதத்தைச் சாடிப் பேசிக்கொண்டே வீடு போவோம்.

ஏ.ஏ. 1957-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பல ஊர்களில் தேவாலய வளாகத்து அறைகளில் கூடுகிறது, வாடகைக்கு வேறிடம் கிடைக்காமையால். அவர்களுக்கு நம் படிப்பகத்தை வாரம் இரு இரவு தரலாம். கடவுளை வேண்டாதவர்களுக்கு மேசையின் மறுகோடியில் இன்னொரு வட்டம் போடலாம். மனைவியர்க்குத் தனி மாலை. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் நேரத்தைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கை நடுங்கி வருபவனை அங்கே கூட்டிச் செல்ல ஒரு மிதிவண்டி போதும். பத்து மணிக்கு மேல் கதவைத் திறந்து வைத்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவராவது குடித்து விட்டவராக இருக்க வேண்டும். அவர் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.